கூச்ச சுபாவமுள்ள சப்ளையர்

"இது எந்தத் தயிர் உறை?" என்று பெரிய மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டபோது, லேப் அக்கா ட்யூப் ரேக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

அது எந்த உறையும் இல்லை. அது அவளேதான்.

தயிர்த் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக இருப்பவளை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போன வாரம் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து, பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பஞ்சுக் குச்சியும் நம்பர் ஒட்டிய ட்யூபும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, அவரவரே மாதிரி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். டாக்டர் முன்னால் படுக்கக்கூட வேண்டாம். அதற்கே லேப் அக்கா ஆறு நாள் தயங்கினாள். அவளுடைய சொந்த அக்காவைக் கொண்டுபோனது அந்த நோய்தான். கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. தனக்கும் இருந்துவிட்டால்? பார்க்காமல் விட்டால் இல்லாமல் போய்விடும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை.

இன்று காலை எப்படியோ தைரியம் வந்து, கழிவறையில் மாதிரி எடுத்து, ட்யூபை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த நேரம் பார்த்துத் தயிர்த் தொட்டியில் சூடு ஏறிவிட்டதாகக் கூப்பிட்டார்கள். கையில் ட்யூப் இருந்தால் அவள் கை தானாக ரேக்கைத் தேடும். வைத்துவிட்டு ஓடினாள். ரேக்கில் எது இருந்தாலும் ஸ்லைடில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்துவிடுவது பெரிய மேடத்தின் இருபத்தைந்து வருடப் பழக்கம்.

"புது உறை மேடம். புது சப்ளையர்," என்றாள் லேப் அக்கா, வாய்க்கு வந்ததை.

"உருப்படாத உறை."

அவளுக்குச் சுருக்கென்றது.

"நல்ல கிருமியைத் தேட வேண்டியிருக்கு. அது நிறைய இருந்து புளிப்பைக் காப்பாத்தினாத்தானே கண்டதும் உள்ள வராது? இங்க காவக்காரன் லீவுல போயிட்டான், வீடு திறந்து கிடக்கு. யாரு அந்த சப்ளையர்?"

"தெரிஞ்சவங்கதான்."

"வரச் சொல்லு."

"கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம்."

"உறை குடுக்கிறவங்களுக்கு என்னம்மா கூச்சம்?"

"நான் வேணா அதைக் கொட்டிடறேன்."

"கொட்டறதா? சப்ளையர் நேர்ல வந்து கையெழுத்துப் போடாம அது இங்கிருந்து நகராது."

ட்யூப் மேடத்தின் குளிர்பெட்டிக்குள் போனது. சாவி மேடத்தின் கைப்பைக்குள் போனது. நர்ஸிடம் ட்யூபைக் கொடுக்க இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. இன்னொரு தடவை எடுக்கத் தைரியம் வரும் என்ற நம்பிக்கை அவளுக்குத் துளியும் இல்லை.

மறுநாள் கணவரைக் கூட்டிவந்தாள். அவர் ஓவிய ஆசிரியர். மாட்டைப் படம் வரைந்ததோடு சரி.

"நீங்கதான் சப்ளையர். வாயைத் திறக்காதீங்க. கையெழுத்துப் போட்டு ட்யூபை வாங்கிட்டு வந்துடுங்க," என்று வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள்.

பெரிய மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை மாடு வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதாங்க."

"எப்படி அது?"

கணவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "தங்கமான மாடுங்க. கோவம் மட்டும் சட்டுனு வந்துரும்."

"வயசு?"

"முப்பத்தெட்டு."

லேப் அக்கா அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"மாட்டுக்கு முப்பத்தெட்டா?"

"பார்த்தா தெரியாதுங்க."

மேடத்தின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எவ்வளவோ சொல்லிட்டேன் மேடம்." கணவரின் குரல் திடீரென்று இறங்கியது. "பயப்படுது. அதோட அக்கா அப்படித்தான் போச்சு. நானும் தைரியமா இருக்கிற மாதிரி காட்டிக்கறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

லேப் அக்கா மிதித்த காலை எடுத்துக்கொண்டாள்.

"ட்யூபைத் தர முடியாது," என்றார் மேடம். "நாளைக்குக் காலையில அந்த மாட்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." பிறகு இவள் பக்கம் திரும்பினார். "நீயும் கூடப் போ. லீவு தரேன்."

ட்யூப் இல்லாதவளுக்கு நேரில் போய்ப் படுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கணவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சுகாதார நிலையத்தில் விட்டார். வைரஸ் இருக்கிறது என்றார் டாக்டர். அது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை. கருப்பை வாயில் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டும் இருந்தது.

"இது புற்றுநோய் இல்லம்மா. அப்படியே விட்டிருந்தா சில வருஷத்துல ஆகியிருக்கலாம். சூடு வெச்சு இப்பவே எடுத்துடறேன். அடுத்த வருஷம் மறக்காம வந்து காட்டணும்."

சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை வருடம் செத்துப் பிழைத்தோம் என்று இருந்தது அவளுக்கு. வெளியே வந்தவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்காவுக்குக் கிடைக்காத காலம் தனக்குக் கிடைத்திருக்கிறது. டாக்டருக்கு, நர்ஸுக்கு, வாசலில் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த மாட்டுக்காரருக்கு, எல்லாருக்கும் மனசார நன்றி சொன்னாள். பெரிய மேடத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர். முந்தாநாளே ட்யூபைக் குடுத்திருப்பேன். எங்க மேடம்தான் பிடிச்சு வெச்சுக்கிட்டு உயிரை வாங்கிட்டாங்க."

நர்ஸ் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முந்தாநாள் மத்தியானமே அவங்களே கொண்டாந்து குடுத்துட்டாங்களேம்மா! 'தயிர்ல எங்கயாவது மனுஷ செல் இருக்குமா? ரிசல்ட்டை அவளைத் தவிர யார்கிட்டயும், என்கிட்டகூட, சொல்லாதீங்க; அவளை இங்க வர வைக்கிறது என் பொறுப்பு'ன்னுட்டுப் போனாங்க."