கை தெரியக் கூடாது

ஜூன் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, இரண்டாம் மாடி வீட்டின் ஒரே குளியலறை ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டப்பட்டது.

ஒட்டியவர் அந்த வீட்டுக்காரர். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். பீரோவின் அடியில் இருபத்தெட்டு வருடம் கழுவப்படாமல் கிடந்த பிலிம் சுருள் ஒன்று அகப்பட்டிருந்தது. கல்யாணமான மறுவாரம் எடுத்தது. மாமனாரைப் படம்பிடிக்க அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, மாப்பிள்ளை சாக்கடைக்குள் காலை விட்டார். ஆயுள் முழுக்க முகத்தை இஸ்திரி போட்டதுபோல் வைத்திருந்த மாமனார் அன்று சிரித்துவிட்டார். விழுகிற வேகத்தில் மாப்பிள்ளையின் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. மாமனார் இப்போது இல்லை. அவர் சிரித்த படம் வேறெங்கும் இல்லை.

"ரொம்பப் பழசு சார், கியாரண்டி கிடையாது" என்று ஸ்டுடியோக்காரர் கையை விரித்துவிட்டார்.

"அப்ப நானே வீட்ல கழுவிக்கிறேன்" என்று மருந்துக்கடைக்காரர் கிளம்பி வந்துவிட்டார்.

"ஏங்க, கெட்டுப்போச்சுன்னா எங்கப்பா மறுபடி வந்து சிரிக்க மாட்டார்" என்றாள் மனைவி.

"அதான் முதல்ல இருட்டு. பொட்டு வெளிச்சம் பட்டாலும் சுருள் முழுக்கக் கரி. உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அஞ்சு நிமிஷம் உட்காரணும். கையை மூஞ்சிக்கு நேரா வச்சா தெரியக் கூடாது. புத்தகத்துல போட்டிருக்கு."

உள்ளே போனவர் சரியாக ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்.

"தெரியுது."

"என்னது?"

"கை. மங்கலா, அஞ்சு விரலும்."

சாவித் துவாரத்தில் பஞ்சு அடைத்தார். கை தெரிந்தது. கதவு இடுக்கில் மருந்துக்கடைப் பிளாஸ்திரியைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். கை தெரிந்தது, கதவுதான் திறக்கவில்லை. மகள் வெளியிலிருந்து உதைத்துத் திறந்தபோது தாழ்ப்பாள் தனியாக வந்துவிட்டது.

திங்கட்கிழமை, காற்றாடி ஓட்டையில் தலையணையைத் திணித்தார். நீராவி போக வழியில்லாமல் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து மகள் தலையில் விழுந்தது. செவ்வாயன்று, தண்ணீர் போகும் துளை வழியாக வெளிச்சம் ஏறுகிறதென்று முடிவுகட்டி அதில் பழைய வேட்டியைச் செருகினார். புதன்கிழமை காலை மகளின் ஆபீஸ் செருப்பு கூடத்தில் மிதந்தது.

"அப்பா, நான் வேலைக்குப் போறதா, நீச்சலுக்குப் போறதா?"

"தாத்தா சிரிப்பைப் பாக்கணுமா வேணாமா?"

அன்றிலிருந்து மகள் சோப்புப் பெட்டியோடு கீழ்வீட்டு வாசலில் நின்றாள். "வாம்மா, இன்னிக்கு டோக்கன் நம்பர் எத்தனை?" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

வெள்ளிக்கிழமை மனைவி பொறுமை இழந்து தானே உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தாள்.

"கை என்ன, எதுவுமே தெரியலீங்க. நான் இருக்கேனான்னே சந்தேகமா போச்சு."

"உனக்கு மாலைக்கண். கடைக்கு வா, வைட்டமின் மாத்திரை தரேன்."

மகளும் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவளுக்கும் அதே மாத்திரை.

"அம்மா வழி வியாதி" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நாளன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கழுவலேன்னா சுருளை என்கிட்ட குடுத்துடுங்க. சிரிப்பு உள்ளயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. அவள் குரல் உயரவில்லை. அதனால் அவர் பயந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் வந்தார். ஜன்னலுக்குப் பலகை அடித்தார், கதவுக்கு ரப்பர் பட்டை வைத்தார், தாழ்ப்பாளையும் பொருத்தினார். மருந்துக்கடைக்காரர் உள்ளே போய், சரியாக ஐந்து நிமிடத்தில், தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார்.

"தெரியுது."

தச்சருக்குத் தன்மானப் பிரச்சினை. அவரும் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

"கும்மிருட்டு சார். தார் டின்னுக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு."

"நீங்களும் மாத்திரை எடுத்துக்கங்க."

தச்சர் உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஒரு சந்தேகம் சார். அந்த இருட்டுல, அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுன்னு எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிறீங்க?"

"இதோ, வாட்ச்சுலதான். முள்ளு இருட்டுலயும் பச்சையா ஜொலிக்..."

தூக்கிய இடது கை தூக்கியபடியே நின்றது.

மாலை நாலு மணிக்கு பிலிம் கழுவப்பட்டது. முப்பத்தாறில் ஒன்பது படங்கள் தேறின. மாமனார் சிரித்தது அவற்றில் ஒன்று.