ஒரு வாட்டுக்கு மேல் தாங்காது

ஓர் இயந்திரத்துக்காக உயிர் நடுங்கிய மனிதரை பெங்களூரில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நானும் நடுங்குபவன்தான், ஆனால் எனக்காக.

தொண்ணூறுகளில் எலெக்ட்ரானிக் சிட்டியில், வயர்லெஸ் செட் செய்யும் கம்பெனியில் நான் சோதனைக்கூடப் பொறுப்பாளன். அவர் எனக்குக் கீழே இன்ஜினியர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். 'முப்பது டிபி' என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் யாருக்கும் தெரியும்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர். ரேடியோ அலையைப் பிரித்துத் திரையில் காட்டும் கருவி. அதன் வாயில் ஒரு வாட்டுக்கு மேல் நுழைந்தால் உள்ளே மிக்ஸர் என்ற பாகம் கருகிவிடும். ரிப்பேருக்குக் கடல் தாண்ட வேண்டும். எங்கள் செட்டோ இருபத்தைந்து வாட். ஆகவே நடுவில் ஒரு அட்டெனுவேட்டர் மாட்டுவோம். சிக்னலை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் முப்பது டிபி துண்டு. அதை மாட்டாமல் யாரும் பக்கத்தில் போக அவர் விடமாட்டார்.

கேபிளைத் தொடுமுன், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, எர்த் செய்த செம்புத் தட்டை எல்லோரும் தொட வேண்டும். ஆயுத பூஜைக்கு வந்த புரோகிதரையும் அவர் விடவில்லை.

"சாமி, தட்டைத் தொட்டுட்டு அப்பறம் பொட்டு வைங்க. அந்த ஓட்டைல மட்டும் குங்குமம் வேணா."

காபியை மூன்று டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றித்தான் குடிப்பார். மனைவி போன் செய்தால் ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார். அந்த அம்மாள் சொல்வது எங்களுக்கும் கேட்கும்.

ஒருநாள் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி செட்டைச் சோதிக்க வந்தார். மாலை ரயிலுக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். செட்டை ஆன் செய்தோம். திரையில் இரண்டரை வாட்.

"என்னங்க இது, பத்துல ஒரு பங்குதான் வருது?" என்றார் அதிகாரி.

செட்டைத் திறந்தோம். டிரான்சிஸ்டரை மாற்றினோம். அப்போதும் இரண்டரை. கடிகாரத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது, சொல்ல வேண்டாம். அதிகாரி பெட்டியைக் கையில் எடுத்தார்.

அதுவரை அனலைசர் முன்னால் காவல் தெய்வம்போல் நின்ற முப்பது டிபி மெல்ல விலகினார். கருவியின் வாயில் கட்டைவிரல் அளவுக்கு இன்னொரு துண்டு. நாங்கள் அதை வெறும் இணைப்பான் என்று நினைத்திருந்தோம்.

"பத்து டிபி சார். வெளியாள் வராங்கன்னு காலைல பயந்துக்கினு எக்ஸ்ட்ரா மாட்டினேன். கணக்குல சேக்க மறந்துட்டேன்."

பத்தில் ஒரு பங்கு! கழற்றினோம். இருபத்தைந்து வாட் நிமிர்ந்து நின்றது. அதிகாரி முறைத்தார், சிரித்தார், கையெழுத்துப் போட்டு ரயிலுக்கு ஓடினார்.

"யோவ், எங்க உசிரே போச்சுய்யா!" என்று கத்தினேன்.

"உசிரு திரும்பி வந்துச்சு இல்ல சார்? மிக்ஸர் போனா வராது."

அதற்குள் எம்.டி.க்குச் செய்தி போய், அறைக்கு வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அவர் கத்தினால் பார்க்கிங் வரை கேட்கும். எனக்கோ ரத்தக் கொதிப்பு. கதவருகே முப்பது டிபி என்னைக் கையால் மறித்தார்.

"இருங்க சார். நான் முன்னாடி போறேன்."

உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி அதிர்ந்தது. "கம்பெனியை மூடிட்டுப் போகட்டுமா?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. நெடுநேரம் கழித்து அவர் வெளியே வர, நான் போனேன். எம்.டி. தொண்டை கட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே பாத்துக்குங்க," என்றார். அவ்வளவுதான்.

வெளியே முப்பது டிபி காதுமடல் சிவந்து காத்திருந்தார்.

"உங்க வரைக்கும் ரொம்ப வந்துச்சா சார்?"

"இல்லப்பா," என்றேன். அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.