அக்காவை வெளியே அனுப்பிய ஐந்து விநாடி

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும் உங்கள் மகள் சின்னவளும் நலமென்று நம்புகிறேன். அக்காவின் நலத்தையும் விசாரிக்கிறேன். ஆனால் விசாரித்ததாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக உங்கள் வீட்டுச் சாப்பாடு எனக்கு இல்லை. பதினொரு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. தனிக்கட்டையான எனக்கு வாரத்தில் அந்த ஒரு வேளைதான் வேளை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. தவறு யாருடையது என்று நீங்களே தீர்மானிக்க வசதியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்றைய கூடைப்பந்து ஆட்டத்துக்கு நடுவராக வரவேண்டியவருக்குக் கணுக்கால் வீக்கம். ஆடுவது சின்னவளின் அணி, நான் தாய்மாமன், வேண்டாம் என்றேன். இரண்டு பயிற்சியாளர்களும் "உங்களுக்கு ஏது சார் சொந்தபந்தம்" என்று விசிலைக் கையில் கொடுத்தார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். கடைசி நான்கு விநாடி இருக்கும்போது அவள் அணி ஒரு புள்ளி பின்னால், யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிய அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அவள் அணியின் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டார், கொடுத்தேன், மணி அடித்தது, அவர் பேச்சு முடியவில்லை, விசில் ஊதினேன், எச்சரித்தேன், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி பேசுகிறார். இப்படி இழுத்தடித்தால் நடுவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பந்தைக் கோட்டருகே தரையில் வைத்துவிட்டு, கையை வீசி ஐந்து விநாடி எண்ணுவது. எறிகிறவர் வந்தால் வரட்டும்; ஐந்துக்குள் எறியாவிட்டால் அந்த எறி போச்சு. வைத்தேன், எண்ணினேன். மூன்றில் சின்னவள் ஓடி வந்தாள். வந்தவள் எறிந்தாளா? பந்தை மூன்று தட்டு தட்டி, உள்ளங்கையில் ஊதி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கூடையை நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள். ஐந்து. விசில். முதல் எறி போயிற்று.

இரண்டாவதைத் தவறவிட்டாள். ஆனால் பந்து அவள் கையை விடும் முன்பே எதிரணிப் பெண் ஒருத்தி ஓரத்திலிருந்து உள்ளே காலை வைத்துவிட்டாள்; அதைக் கவனித்துச் சின்னவளுக்கு இன்னொரு எறி கொடுத்தவன் நான்தான். அக்கா எல்லாரிடமும் சொல்லும் கதையில் இந்த இடம் மட்டும் வருவதில்லை. அந்த மறு எறிக்குப் பந்தைக் கொடுத்து இரண்டு எண்ணியிருப்பேன், மூன்றாம் வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். "மெதுவா எண்ணுடா" என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம், "கண்ணாமூச்சி ஆடும்போதே இவன நூறு எண்ணச் சொன்னா முப்பதுல வந்து நிப்பான். நான் ஒரு நாளாவது ஒழுங்கா ஒளிஞ்சிருக்கேனா?" என்றாள். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. எறிகிறவரின் கவனத்தைக் கலைக்கக்கூடாது என்ற விதி ஆட்டக்காரர்களுக்குத்தான், அக்காமார்களுக்கு இல்லை. அதனால் ஆட்டத்தை நிறுத்தி, வாசல் காவலரைக் கூப்பிட்டு, அவளை வெளியே அனுப்பச் சொன்னேன். கைப்பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே போனாள். மறுபடி பந்தைக் கொடுத்து எண்ணினேன். சின்னவள் எறிந்த பந்து வளையத்தில்கூடப் படாமல் உள்ளே விழுந்தது. ஆனால் அது கையை விடும் முன்பே ஐந்து முடிந்திருந்தது. புள்ளி இல்லை. ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

இதில் என் மேல் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள் அத்தான். இருபத்திரண்டு வருடமாக எண்ணுகிற கை இது. விநாடிக்கு ஒரு வீச்சு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சின்னவளே "பரவால்ல மாமா" என்றுதான் சொன்னாள். அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. அக்காவோ ஃபோனையே எடுக்க மாட்டேனென்கிறாள். சபையில் சொன்னதை அவள் திரும்பப் பெற்றுக்கொண்டால், நானும் பெருந்தன்மையோடு மறந்துவிடச் சித்தமாக இருக்கிறேன் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

சின்னவளுக்கு என் ஆசிகள், உங்களுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
என்றும் விதி தவறாத
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன், அக்காவின் வாயை அடைக்க ஓர் ஆதாரம் இருக்கட்டுமென்று சமையலறைக் கடிகாரத்தின் முன்னால் நின்று கையை வீசி ஐந்து எண்ணினேன். மூன்றரை விநாடிதான் ஆகியிருந்தது. கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிவிட்டு மறுபடி எண்ணினேன். மூன்றரை. நடுவர் சங்கத்துக்கு இதை ஒப்புக்கொண்டு தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அதனால் சின்னவளுக்கு அந்தப் புள்ளி திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். மேலே எழுதியிருப்பதை அக்காவிடம் காட்ட வேண்டாம். ஞாயிறு மதியம் வந்து மணியை அடித்துவிட்டு, வாசலிலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்து நூறு எண்ணுவேன், முழு நூறு. அதற்குள் கதவைத் திறப்பதா, ஒளிந்துகொள்வதா என்று அக்காவே தீர்மானிக்கட்டும்.