தோப்பில் இரண்டு டீ, மூன்று கூடை

நெரவி,
11.8.1984

மதிப்பிற்குரிய வைத்தியலிங்கம் மாமாவுக்கு, தங்கள் தங்கை மகன் சுப்ராயனின் வணக்கம். இங்கே எல்லாரும் சுகம், மாடு உட்பட. புதுச்சேரியில் அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

காரைக்கால்மேட்டுச் சவுக்குத் தோப்பை ஆவணி பிறந்ததும் வெட்டக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்டாதீர்கள். அமெரிக்காவிலிருந்து உங்கள் மகன் அனுப்பிய பிளாஸ்டிக் தட்டுகளை, சோறு தின்ன ஆகும் என்று எங்களுக்குக் கொடுத்தனுப்பினீர்களே, அவை தின்கிற தட்டுகள் இல்லை, எறிந்து விளையாடுகிற தட்டுகள். கூடவே வந்த ஆட்ட விதிச் சிறு புத்தகத்தை நீங்கள் பிரிக்கவே இல்லை. நின்று எறிகிற இடத்துக்கு டீ என்று பெயர். தட்டு போய் விழவேண்டியது கூடையில். ஒரே கூடைக்குக் கிட்ட ஒரு டீ, தூர ஒரு டீ; கூடையையும் மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைக்கலாம். சிவில் டிப்ளமோ படித்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் உங்கள் தோப்பில் இறங்கினேன். கிட்ட டீயிலிருந்து நேராகப் போகிற அதே தட்டு, தூர டீயிலிருந்து எறிந்தால் இரண்டு மரத்துக்கு நடுவே நுழைந்து, கடைசியில் தானாக இடப்பக்கம் சாய்கிறது. கூடையை நாலடி நகர்த்தினால் போட்ட கணக்கெல்லாம் வீண். ஏன் சாய்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை, தூக்கமும் வரவில்லை. மரம் இல்லாவிட்டால் இது வெறும் வயலில் தட்டு வீசுவது.

அடையாளத்துக்குக் 'கிட்ட டீ', 'தூர டீ' என்று பலகை எழுதி நட்டது என் தப்பு. மறுநாள் காலை ஏலம் முடிந்து வந்த மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் செல்லம்மா என்பவர், "தம்பி, தூர டீ கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்குமா?" என்றார். இது குடிக்கிற டீ இல்லீங்க, நிக்கிற டீ என்றேன். "நின்னுக்கிட்டே குடிக்கிறோம், குடு" என்றார். கோபத்தில் திரும்பி ஒரு எறி எறிந்தேன். இத்தனை நாளில் முதல்முறையாகத் தட்டு கூடைக்குள் சுத்தமாக விழுந்தது. ஆனால் செல்லம்மாவின் கூடை. காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் கூடையில் துண்டைப் போட்டவருக்கே சரக்கு. "துண்டா இருந்தா என்ன, தட்டா இருந்தா என்ன, போட்டுட்டீல்ல, எடுத்துக்க" என்றார். மற்றப் பெண்களும் அதுதான் நியாயம் என்றார்கள். அம்மா இன்னும் சூடை மீன் வறுத்துக்கொண்டிருக்கிறாள். உங்களைப் பற்றியும் ஏதோ சொல்கிறாள்.

நீங்கள் அனுப்பிய மரம்வெட்டி காத்தமுத்துகூட என் கட்சிதான். கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு தட்டு எறிந்து பார்த்தவர், "இந்த மரத்தயெல்லாம் சாச்சா வெளையாட்டு சப்புன்னு போயிடும் தம்பி, மாமாவுக்கு எழுதுங்க" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பதில் வரும்வரை ஒரு மரத்தையும் தொட விடமாட்டேன்.

அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு கும்பிடு. பதில் பார்த்து இன்னொன்று.

அன்புள்ள,
சுப்ராயன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், இரண்டு டீயிலிருந்தும் மூன்று கூடை இடங்களுக்கும் தட்டு போகிற வழி, சாய்கிற வழி எல்லாவற்றையும் தோப்பில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தேன். கோட்டில் நின்ற மரங்களைக் காத்தமுத்துவை விட்டு வெட்டிவிட்டேன். மிச்சம் நாலு மரம் நிற்கிறது. அந்த நாலையும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.