பயற்றங்கொடியில் தொங்கும் அரக்கர்கள்

மல்வேர்ன்,
வெள்ளி இரவு.

அன்பும் மதிப்பும் உள்ள றெமி மாமாவுக்கு,

மருமகள் ஸ்டெபனி எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். ரெக்ஸ்டேலில் நீங்களும் அன்ரனெற் மாமியும் அதைவிடச் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உங்கள் டிவிடி படத்தட்டுகளை இரவல் கேட்பவர்கள் தமிழில் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும் என்று முன்பு சட்டம் போட்டீர்களே, அதற்குக் கட்டுப்பட்டே எழுதுகிறேன். போனிலும் கேட்க முடியாது. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் என் கையில் தருவார். இதைப் போர்வைக்குள் இருந்து டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயத்தினால் அல்ல. கதவுக்குக் கீழால் வெளிச்சம் போகக்கூடாது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு நல்ல செய்தி. எங்கள் பேஸ்மென்ற் அறை இப்போது என்னுடையது. வாடகைக்கு இருந்தவர்கள் போன பிறகு, தூக்கத்தில் உதைக்கும் தங்கையோடு இனிப் படுக்க மாட்டேன் என்று அழுது, சாப்பிடாமல் இருந்து, பிறகு பசி தாங்காமல் சாப்பிட்டு, ஒருவாறு வாங்கிவிட்டேன். ஆனால் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு நாளாவது பயந்து மேல ஏறி வந்தியோ, அடுத்த நாளே அறையை வாடகைக்குக் குடுத்திடுவன்" என்றார். நான் சிரித்தேன். அப்போது எனக்கு அந்த விலாங்கு அரக்கனைத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். உங்கள் படத்தட்டுப் பெட்டியிலேயே அதுதான் உங்களுக்குப் பிடித்த படம். விலாங்கு மீனின் உடம்பும் மாட்டின் கண்களும் உள்ள அந்தப் பெரிய மிருகம், வீடுகளின் நிலக்கீழ் அறையில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வரும், வருவதற்கு முன்பு மரியாதையாகக் குழாயில் மூன்று முறை தட்டும். அதை நான் ரீவியில் ஸ்ட்ரீமிங்கில் கண்டுபிடித்து, மே மாதக் கடைசி நாள் பின்னேரம் பார்க்கத் தொடங்கினேன். படத்தின் கீழே "இன்றுவரை மட்டும்" என்று ஏதோ சிறிய எழுத்தில் போட்டிருந்தது. பால் பெட்டியில் போடுவது போல என்று நினைத்துவிட்டேன். மிருகம் ஏரியில் இருந்து எழும்புகிறது, கதாநாயகி கையில் தீப்பந்தத்தோடு படகில் நிற்கிறாள், அந்த நேரம் பார்த்து அம்மா வந்து நிறுத்தச் சொன்னார். அன்று மாதாவுக்குரிய வணக்கமாதத்தின் முடிவு, மாதா சுரூபம் வீடு வீடாகச் சுற்றிக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வருகிறது, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "படம் எங்க போகப்போகுது? ரீவிக்குள்ளதானே கிடக்கும். நாளைக்குப் பார்" என்று சொல்லி, ரீவிக்கு மேல் வெள்ளைத் துணி போட்டு, அதற்கு முன்னால் மேசை வைத்து மாதாவை எழுந்தருளச் செய்தார்.

செபமாலை ஒழுங்காகத்தான் போனது மாமா. பிரார்த்தனை தொடங்கிக் கொஞ்சத்தில் கிளடிஸ் அன்ரிக்கு முழங்கால் நோ வந்து, ஒரு பக்கம் சரிந்து, கம்பளத்தில் கிடந்த ரிமோட்டின் மேல் முழங்காலை ஊன்றிவிட்டார். துணிக்குப் பின்னால் இருந்து மிருகம் கத்தியது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே குரலில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். பிரார்த்தனையில் ஒவ்வொரு வரிக்கும் அதையே சொல்லிவந்த பழக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாவது முறை கத்தியபோதும் பின்வரிசை அப்படியே சொன்னது. அப்பா பாய்ந்து போய்ச் செருகியை இழுத்தார். அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. கடலையும் பற்றிஸும் கொடுக்கும்போது கிளடிஸ் அன்ரி மட்டும் அம்மாவிடம், "இந்த முறை பிரார்த்தனை நல்ல உருக்கம் ஏஞ்சலா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் படம் இல்லை. ஒளித்து வைக்கவில்லை, விலை கேட்கவில்லை, இல்லவே இல்லை. பெயரை அடித்தால், இது உங்களுக்குப் பிடிக்கலாம் என்று கேக் செய்யும் போட்டியைக் காட்டுகிறது. இணையத்தில் கதைச்சுருக்கம் தேடினேன். ஒருவர் செத்துவிட்டது என்கிறார், இன்னொருவர் முட்டை இட்டுவிட்டுப் போய்விட்டது என்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முட்டாள் என்று திட்டியும் இருக்கிறார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள் மாமா. நான் பார்த்தவரைக்கும் அது உயிரோடுதான் இருக்கிறது. என் அறைக்கு வெளியே, உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், நிலத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சுடுதண்ணீர்த் தாங்கி இரவில் தட்டும். சில நாள் இரண்டு முறை. சில நாள் மூன்று.

அப்போதுதான் நீங்கள் கலியாணம் கட்டிப் போகும்போது சொன்னது ஞாபகம் வந்தது. மாமி பேய்ப்படம் வீட்டுக்குள் வரக்கூடாது என்றதால் பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, "பிள்ளை, உந்த ஸ்ட்ரீமிங்காரரின்ர படம் உவங்கட கையில. நினைச்ச நேரம் பறிச்சுப்போடுவாங்கள். கையில கிடக்கிறதுதான் எங்கட" என்றீர்கள். நான் பெட்டியைத் திறந்தேன். உறைகள் அத்தனையும் வரிசையாக, நீங்கள் அடுக்கியபடியே இருந்தன. விலாங்கு அரக்கனின் உறையை எடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. எல்லா உறையும் அப்படியே.

பதறாமல் வாசியுங்கள். தட்டுகள் எங்கள் பின்வளவில் இருக்கின்றன. பயற்றங்கொடிக்கு நட்ட தடிகளில் நைலோன் நூலில் கட்டி அம்மா தொங்கவிட்டிருக்கிறார். கேட்டதற்கு, "அணில் வந்து கத்தரிக் கண்டைக் கிண்டுது. பளபளவெண்டு ஆடினாப் பயந்து ஓடும். படமெல்லாம் இப்ப ரீவியில வருகுதுதானே, உது வெறும் தட்டு" என்றார். படம் ரீவியிலும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், சொன்னால் ஏன் தேடுகிறாய் என்று கேட்பார், அறை போய்விடும், பேசாமல் வந்துவிட்டேன். அணில்கள் பயந்ததாகவும் தெரியவில்லை. ஒன்று உங்கள் வௌவால் மனிதர்களின் தட்டுக்கு முன்னால் குந்தியிருந்து முகம் பார்த்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

விலாங்கைக் கண்டுபிடித்துக் கழற்றி, சட்டி கழுவும் சவர்க்காரத்தால் கழுவித் துடைத்துவிட்டேன். ஆனால் போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லை. ரீவியில் தட்டுப் போடும் வாய் கிடையாது, பள்ளிக்கூட லப்ரொப்பிலும் கிடையாது. கடைசியில் மூளை வேலை செய்தது. அப்பாவின் பழைய வான் வண்டியில், பின்சீற்றுக்கு மேலே கூரையில் இருந்து இறங்கும் ஒரு சின்னத் திரை இருக்கிறதே, அதில் போட்டேன். வேலை செய்தது. ரிமோட் தொலைந்துவிட்டதால் முன்னுக்கு ஓட்ட முடியாது, முதலில் இருந்து துண்டு துண்டாகத்தான் பார்க்கலாம். அதனால் அப்பா எங்கே போனாலும் நானும் போனேன். டயர் மாற்றப் போனேன். வங்கிக்குப் போனேன். யாருக்கோ அரிசி மூட்டை கொடுக்க றிச்மண்ட் ஹில் வரைக்கும் போனேன். "பிள்ளைக்கு இப்ப நல்ல பொறுப்பு வந்திட்டுது" என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் கடைசிக் கட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

படத்தின் முடிவு தட்டின் வெளிவிளிம்பில்தான் இருக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தந்தீர்கள். தடியில் உரசி உரசிக் கீறுப்பட்டதும் அந்த விளிம்புதான். மிருகம் ஏரியில் இருந்து எழும்பியது, தீப்பந்தம் உயர்ந்தது, படம் அங்கேயே இறுகி நின்றுவிட்டது. மிருகம் வாயைத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. அதோடு தட்டும் வெளியே வர மறுக்கிறது. வானை இயக்கும் போதெல்லாம் ஒரு கத்தல், பிறகு வாய் திறந்து மூடல். அப்பாவுக்கு இந்தக் கிழமை இரவு வேலை, மல்வேர்னில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகிறவர். முதல் நாள் பின்சீற்றில் இருந்த இரத்தினவேல் அங்கிள் சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டாராம். இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. நேற்று அங்கிள், "அண்ணை, உது கடைசியில சாகுதோ இல்லையோ? நித்திரை வருகுதில்லை" என்று கேட்டிருக்கிறார். காலையில் அப்பா அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் வந்து, "பிள்ளை, உனக்குத் தெரியுமே?" என்றார்.

ஆகவே மாமா, என் வேண்டுகோள் இதுதான். அதன் சாவை நேரில் கண்டவர் எங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். மாமி ஒருவாறு சம்மதித்துவிட்டதால் ஞாயிறு பூசை முடிந்து பெட்டியை எடுக்க வருவதாகச் சொன்னீர்களே, அப்போது இதை வாசித்ததும், அது எப்படிச் செத்தது, முட்டை இட்டதா, தண்ணீர் போகும் ஓட்டையை யாராவது அடைத்தார்களா என்பதை உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்து வைத்து என்னிடம் தாருங்கள். தாளை ஒருவரும் மாதக் கடைசியில் எடுத்துவிட மாட்டார்கள். கூச்சப்படாமல் உண்மையை எழுதுங்கள், எதையும் தாங்கும் மனம் எனக்கு உண்டு. மற்றத் தட்டுகளை நாளைக்கே நான் கழற்றிக் கழுவி உறைக்குள் போட்டுவிடுவேன். அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். விலாங்கின் உறை மட்டும் வெறுமையாக இருக்கும், அதற்குள் இந்தக் கடிதம் இருக்கும்.

மாதா உங்களையும் மாமியையும் காப்பாராக. மேலே உள்ளவற்றில் எந்த இடத்திலும் நான் பயந்தேன் என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்
ஸ்டெபனி

பி.கு: மாமா, கையெழுத்து வைத்து முடிக்கவும் படியில் காலடிச் சத்தம் கேட்டது. டோர்ச்சை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். வந்தது அம்மா. கையில் தலையணை. "அப்பா வேலைக்குப் போட்டார். நீ தனியப் பயப்பிடுவாய் எண்டு வந்தனான்" என்று சொல்லி, என்னைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கமாகப் படுத்தார். சுடுதண்ணீர்த் தாங்கி தட்டியது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு மாதாவுக்குப் பின்னால நிண்டு கத்தினதில இருந்து எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். "படமெல்லாம் தட்டுக்குள்ளதானே கிடக்கு. வெளிய தொங்கவிட்டா வெளியிலயே நிக்கும் எண்டு நினைச்சன். அணிலுக்கு எண்டு சும்மா சொன்னனான். உந்தச் சனியன் கடைசியில செத்ததோ, பிள்ளை?"

"ஓம் அம்மா. எரிஞ்சு ஏரிக்குள்ள விழுந்து செத்துப்போச்சு."

"வடிவாப் பாத்தனியோ?"

"கண்ணால பாத்தனான்."

"முட்டை கிட்டை?"

"அதுவும் சுடுதண்ணியில அவிஞ்சு போச்சு. ஓட்டையைச் சீமெந்து போட்டு அடைச்சவை."

"அப்ப சரி" என்றார். இப்போது குறட்டை விடுகிறார். விளக்கை அணைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினார், அதனால் இதை நல்ல வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஆகவே நீங்கள் ஒன்றும் எழுதித் தர வேண்டாம். இரத்தினவேல் அங்கிள் ஆட்களுக்கும் இதையே சொல்லி அனுப்பப் போகிறேன். உங்கள் படத்தில் அது வேறு மாதிரி முடிந்திருந்தால் அதை உங்களோடேயே வைத்திருங்கள், மாமிக்கும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உறைகளை மட்டும் எடுத்துப் போங்கள்.

தட்டுகளை நான் கழற்றப் போவதில்லை. அவை வெளியிலேயே நிற்கட்டும்.