துருவின்மைச் சான்றிதழ்

மழை பெய்தால் நனைவது பொருள்களின் இயல்பு. இந்த இயல்பை ஒழுங்குபடுத்தும் பொருட்டே தொன்மை ஸ்போர்ட்ஸ் கார் பாதுகாப்புத் துறை ஏற்படுத்தப்பட்டது. அதன் பொறுப்பில் நாற்பத்து மூன்று கார்கள் இருந்தன. எல்லாமே இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடும் அழகான பழைய கார்கள். அவற்றுக்கு ஆண்டுதோறும் துருவின்மைச் சான்றிதழ் தரவேண்டும். சான்றிதழ் இல்லாத கார் சாலையில் ஓடக்கூடாது.

விதி ஏழு தெளிவாக இருந்தது. மழை பட்ட கார் துருப்பிடித்ததாகக் கருதப்படும். மழை படாத கார் துருப்பிடிக்காததாகக் கருதப்படும். ஆகவே ஆய்வாளர் காரைப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. வானத்தைப் பார்த்தால் போதும்.

இளநிலை ஆய்வாளன் இருபத்து மூன்று மாதங்களாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு மாதத்தில் தகுதிகாண் பருவம் முடிகிறது. இயக்குநர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் வீடு. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். இரும்பு கேட் பற்றவைக்கும் அவன் அப்பா, மகன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"நிரந்தரம் ஆயிடுச்சா ஆபீசர்?" என்று வாரம் ஒருமுறை கேட்பார். இல்லை என்றதும் தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்வார்.

கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுவார்கள். கையில் தோலுறை, தலையில் தொப்பி, கழுத்தில் கண்ணாடி என்று பந்தயத்துக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி வாடகைக் காரில் வந்து இறங்குவார்கள். சொந்தக் கார் வீட்டில் போர்வைக்குள் இருக்கும். தோலுறையைக் கழற்றாமலே காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி, "உங்க வீட்ல ஈரப்பதம் எவ்வளவு?" என்று நலம் விசாரித்துக்கொள்வார்கள். பக்கத்து ஊரில் இடி இடித்ததாகக் கேள்விப்பட்டாலே ஒருவர் எழுந்து வீட்டுக்கு ஓடுவார். இவர்களில் மிகவும் மதிக்கப்பட்டவர் துறையின் இயக்குநர். அவருடைய சிவப்புக் கார் பதினோரு ஆண்டுகளாக மூன்று போர்வைக்குள் இருந்தது. அதை யாருமே பார்த்ததில்லை என்பதால் அதைப் போல ஒரு கார் கிடையாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கால்நடை மருத்துவர் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராதவர். அந்த அம்மாள் ஒருநாள் காலை, கொட்டுகிற மழையில் தன் பச்சைக் காரை ஓட்டிக்கொண்டு, சான்றிதழ் வாங்க நேராக அலுவலக முற்றத்தில் வந்து நின்றார். சக்கரமெல்லாம் சேறு. பக்கத்து இருக்கையில் மருந்துப் பெட்டி.

"டாக்டர், மழையில ஓட்டிட்டு வந்திருக்கீங்க," என்றான் ஆய்வாளன், குடையைப் பிடித்தபடி.

"மாடு வானத்தைப் பாத்துட்டா கன்னு போடுது தம்பி? கூப்பிட்டா போகணும்."

"விதி ஏழுப்படி உங்க கார் துருப்பிடிச்சாச்சு."

"எங்க?"

துறை தொடங்கிய நாள் முதல் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவனோ இயல்பிலேயே கவனமானவன். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது அவனுக்குப் பரீட்சை பயத்தைக் கிளப்பும். அப்பாவிடமிருந்து ஒரு சின்னச் சுத்தியலை வாங்கி வந்து, மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் போய், பச்சைக் காருக்கடியில் படுத்துத் தட்டினான். டங், டங் என்று பள்ளிக்கூட மணி மாதிரி கேட்டது. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"எப்படி டாக்டர்?"

"நனைஞ்சா கழுவுறேன். கழுவினா துடைச்சுக் காயவெக்கிறேன். அடியில மெழுகு அடிக்கிறேன். தெனமும் ஓட்டுறேன். இதுல என்ன ரகசியம்?"

நனைந்த கார் இப்படி என்றால் நனையாத கார் எப்படி? இந்தச் சந்தேகம் வந்திருக்கக்கூடாது, வந்துவிட்டது. ஆண்டு ஆய்வு என்று சொல்லி இயக்குநர் வீட்டுக் கொட்டகைக்குப் போனான். வேலையாள் மூன்று போர்வைகளையும் விலக்கினார். ஈரத் துணியை மூட்டைகட்டி வைத்த வாடை வந்தது. காருக்கடியில் படுத்து, மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான். சத்தம் வரவில்லை. சுத்தியலும் வரவில்லை. அதை எடுக்கக் கையை விட்டான். முழங்கை வரை போயிற்று.

பிரிவுக் கண்காணிப்பாளர், கோப்புகளோடு வயதானவர், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மழை பட்டுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் துரு எங்கேருந்து வரும்?"

"போர்வைக்குள்ளயே வேர்த்து வேர்த்து அரிச்சிருக்கு சார். பெரிய ஓட்டை."

"ஓட்டையில துரு இருக்கா?"

"ஓட்டையில என்ன சார் இருக்கும்? ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லங்கிற இடத்துல துரு இருக்குன்னு எப்படி எழுதுவ? போய் வேலையைப் பாரு."

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னான். அவர் சோற்றில் கையை வைத்தபடியே யோசித்தார்.

"மூடி வெச்ச இரும்புதான் முதல்ல போகும். இதுக்கு ஒரு ஆபீஸா? சரி, உள்ளதை எழுதினா நிரந்தரம் ஆகுமா?"

"ஆகாதுப்பா."

"மாத்தி எழுதினா?"

"ஆகும்."

"நீ படிச்சவன். உன் இஷ்டம்," என்றார் அப்பா. அன்று அவர் ஆபீசர் என்று சொல்லவில்லை.

அவன் உள்ளதை உள்ளபடியே எழுதினான். குறிப்பு என்ற கட்டத்தில், 'ஆய்வாளரின் கை முழங்கை வரை உள்ளே சென்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மூன்றாம் நாள் இயக்குநர் கூப்பிட்டார். அறிக்கை மேசைமேல் விரிந்திருந்தது.

"முழங்கைன்னா எதுவரைக்கும்?"

அவன் சட்டைக் கையை மடித்துக் காட்டினான்.

"ஓட்டுறவர் பக்கமா?"

"ரெண்டு பக்கமும் சார்."

இயக்குநர் கண்காணிப்பாளரை வரவழைத்தார். கண்காணிப்பாளர் தமது ஓட்டைத் தத்துவத்தை எடுத்துரைத்தார். இயக்குநரின் முகம் தெளிந்தது. ஐவர் குழு அமைந்தது. குழு ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வெளியிட்டது.

'துரு என்பது தகட்டில் உண்டாவதாலும், தகடே இல்லாத இடத்தில் துரு உண்டாக வழியில்லை என்பதாலும், அடித்தளத்தில் காற்றோட்டத் திறப்பு உள்ள கார்களே துருவற்றவை எனக் கொள்ளப்படும். திறப்பில்லாத கார்கள் வருங்காலத்தில் துருப்பிடிக்கும் உள்நோக்கம் கொண்டவையாகக் கருதப்படும்.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பி ஆறிப்போயிற்று. தோலுறைக் கனவான்கள் தரையில் மல்லாந்து, டார்ச் அடித்து, இழுத்து வரப்பட்ட இயக்குநர் காரின் அடிப்பாகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். ஈரப்பதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. "உங்களுக்கு எத்தனை அங்குலம்?" என்பதே பேச்சு. எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்து, தங்களுக்கும் இருப்பது கண்டு நிம்மதியடைந்தார்கள். சின்னதாக இருந்தவர்கள் குதிகாலால் உதைத்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள்.

ஆய்வாளனுக்கு நிரந்தர ஆணை வந்தது. 'உண்மையை அச்சமின்றிப் பதிவுசெய்து புதிய கொள்கைக்கு வித்திட்டமையால்' என்று அதில் பாராட்டும் இருந்தது. பதவியின் பெயர் திறப்பு ஆய்வாளர். ஒரு டிரில்லிங் மெஷினும் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்கள். கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு நிபந்தனை: திறப்பில்லாத கார்களில் முதல் திறப்பை இட்ட நாளிலிருந்து ஆணை நடைமுறைக்கு வரும்.

நாற்பத்து மூன்றில் திறப்பில்லாத கார் ஒன்றுதான் இருந்தது.

அவன் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. டாக்டர் காருக்கடியில் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றறிக்கையை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"ஓட்டை போட்டா சான்றிதழ். போடலன்னா வண்டியை நிறுத்தணும். அதானே?"

"ஆமா டாக்டர்."

"போடாமலே போட்டதா எழுதிட்டுப் போங்களேன் தம்பி. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

அவன் உண்மையிலேயே அதிர்ந்துபோனான். "எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லைங்க டாக்டர்."

அவர் குழாயை மூடிவிட்டு அவனைப் பார்த்தார், எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத மாட்டைப் பார்ப்பது போல. பிறகு மருந்துப் பெட்டியை இருக்கையில் வைத்தார்.

"ஒரு மாடு ரெண்டு மணி நேரமா வலியில நிக்குது. நாளைக்குக் காலைல வாங்க. உண்மையா ஒரு ஓட்டை போட்டுட்டுப் போங்க."

பச்சைக் கார் சேற்றை வாரி அடித்துக்கொண்டு மழைக்குள் போயிற்று.

வீட்டில் அப்பா கைகழுவிக்கொண்டிருந்தார்.

"நிரந்தரம் ஆயிடுச்சா ஆபீசர்?"

"நாளைக்கு ஆயிடும்பா. ஒரு ஓட்டை போடணும்."

"எதுல?"

"நல்ல தகட்டுல. ஒரு குறையும் இல்லாத தகடு."

நாற்பது ஆண்டுகளாக ஊராருடைய ஓட்டைகளை அடைத்துக் குடும்பம் நடத்திய மனிதர் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பென்ஷன் உண்டா?"

"உண்டு."

அப்பா உள்ளே போய்த் தன் பெட்டியைக் குடைந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய புது டிரில் பிட் ஒன்றை எடுத்து வந்தார்.

"ஆபீஸ்ல குடுத்தது மொக்கையா இருக்கும். இதைப் போட்டு, எண்ணெய் விட்டு, நிதானமா இறக்கு. ஓரத்துல பிசிறு இருக்கக்கூடாது," என்றார். "இரும்பு வேலையில நம்ம வீட்டுக்குன்னு ஒரு பேரு இருக்கு."