செத்தவீட்டுக்குப் போய்க் கோயிலைச் சாத்தினது பற்றி

சிவமயம்

புத்தூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மைத்துனர் சோமசேகரம் அவர்கட்கு மார்க்கண்டு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் பிள்ளை, உங்கள் மருமகள் நிவேதனாவும் இரண்டு ஆடுகளும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் நோய்நொடியின்றி இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் இவன் ஏன் முத்திரை ஒட்டுகிறான் என்று யோசிப்பீர்கள். என்னை வட்ஸ்அப்பில் தடுத்து வைத்தவர் நீங்கள்தான். முப்பத்துநான்கு வருடம் தபாலதிபராக இருந்தவனைத் தபாலில் தடுக்க ஏலாது.

“வேதக்காரப் பொடியனுக்கு எங்கடை பிள்ளையைக் குடுக்கிறதெண்டால் என்னை மறந்திடும்” என்று நீங்கள் சொன்னது காதில் நிற்கிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒருவருக்கும் சொல் கொடுக்கவில்லை. பிள்ளையின் தாய்மாமன் நீங்கள். உங்கள் சம்மதம் வராமல் ஓரடி வைக்கமாட்டேன். ஆனால் போன வியாழக்கிழமை ஒரு சங்கதி நடந்துவிட்டது. வேறு ஆரும் கண் காது வைத்துச் சொல்லமுன்னம் நானே எழுதுகிறேன்.

நிவேதனா விரும்பிய அந்தக் கத்தோலிக்கப் பொடியன் லக்ஷனுடைய அப்பம்மா அற்புதராணி, எண்பத்தெட்டு வயது, போன செவ்வாய் பின்னேரம் மோசம் போய்விட்டா. கலியாணவீட்டுக்குச் சொன்னால்தான் போவோம், செத்தவீட்டுக்குச் சொல்லாமலும் போவோம், அதுதானே எங்கள் ஊர் முறை? பொடியனின் தகப்பன் அடைக்கலநாதனை நான் அதுவரை நேரில் கண்டதேயில்லை. முதல்முதல் முகம் பார்க்கிற இடம் இதுவா என்று மனம் அடித்தாலும் வெளிக்கிட்டேன். நிவேதனா படலை வரைக்கும் வந்து, “அப்பா, உங்களைக் கும்பிட்டன், அங்கை போய் ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா இருந்திட்டு வாங்கோ” என்றாள். தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து ஆட்களோடு பிறகு வாறதாகச் சொன்னாள். நானும் ஓம் என்றேன். உண்மையாகவே சும்மா இருக்கத்தான் போனேன் மச்சான்.

அங்கே போனால் ஆண்களெல்லாம் வெள்ளைச் சட்டை, கறுத்தக் காற்சட்டை. நான் ஒருத்தன் வெறும்மேலோடு சால்வையும் வேட்டியும். பெட்டிக்குள் அந்த மனுசி நல்ல சீலை உடுத்து, கூப்பிய கையில் செபமாலை சுற்றி, பூசைக்கு வெளிக்கிட்ட ஆளாய்ப் படுத்திருந்தா. பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம், பேச்சுக்கு, “கொள்ளி வைக்கிறது மூத்தவரோ?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நாங்கள் அடக்கம் செய்யிறனாங்கள் ஐயா” என்றார். பிறகு பங்குத்தந்தை வந்து செபம் சொல்ல, பாண்ட் வாத்தியம் முன்னே போக, பெட்டியைத் தூக்கினார்கள். வெயிலுக்கு மெல்ல நடக்கட்டும் என்று நான் சந்தியால் குறுக்கே விழுந்து முன்னுக்குப் போனேன். புதைக்கிற சேமக்காலைக்குத்தானே நேரே போவார்கள், போய் ஒரு நிழலில் நிற்போம் என்று எண்ணம்.

போகிற வழியில் அவர்களுடைய கோயில். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது! உள்ளே மெழுகுதிரி எரிகிறது, ஒரு குருவி இல்லை. மணி அடிக்கிறவர் தள்ளி நிற்கிற கோபுரத்தில் துக்கமணி அடிக்கிறார். பிரேதம் தெருவால் வருகுது, கோயில் நடை திறந்திருக்கலாமோ? பாவங்கள், துக்கத்தில் மறந்துபோனார்கள், கோயிலுக்குத் தீட்டுத்துடக்கு வந்துவிடப்போகுது, நாளைக்கு இந்தச் சனம் என்ன பாடுபடப்போகுதோ என்று உள்ளே ஓடி, இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளையும் அடித்துப் போட்டேன். பக்கத்து வாசலால் வெளியே போகலாம் என்று பார்த்தால் அது வெளியால் பூட்டு. திரும்பி வந்து தாழ்ப்பாளை இழுத்தால் அசையவில்லை. எந்தக் காலத்தில் கடைசியாய்ப் போட்ட தாழ்ப்பாளோ, என் பலத்துக்கு இறுகிவிட்டது.

அப்போதுதான் பாண்ட் சத்தம் கிட்ட வந்தது. கிட்ட வந்தது போகவில்லை மச்சான், வாசலிலேயே நின்றது! பிரேதத்தைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்து பூசை வைப்பார்கள் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே! கதவில் தட்டுகிறார்கள். ஒரு பொம்பிளை, “ஐயோ, அம்மாவைக் கோயிலும் ஏற்கேல்லையோ!” என்று குழறுகிறா. “ஆர் உள்ளுக்கை?” என்று ஒரு குரல். நான் என்ன சொல்ல? “மார்க்கண்டு. புத்தூர்” என்றேன். பாண்ட்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அதே பாட்டைத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார்கள். லக்ஷன் பக்கத்து வாசல் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து உள்ளே நுழைந்து, சுத்தியலால் அடித்துத் தாழ்ப்பாளைக் கழற்ற இருபது நிமிசம்.

கதவு திறந்தது. முன்னால் வெயிலில் பெட்டி. பின்னால் முழு ஊரும். பொம்பிளையளுக்கு நடுவே நிவேதனா, முகம் வெள்ளையாய்ப் போய். பிள்ளையின் வாழ்க்கைக்கும் சேர்த்தல்லோ தாழ்ப்பாள் போட்டுவிட்டேன் என்று நினைத்துச் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினேன். “ஏன் ஐயா சாத்தினீங்கள்?” என்று பங்குத்தந்தை அமைதியாய்க் கேட்டார். “பிரேதம் வரேக்கை கோயில் சாத்திறதுதானே சுவாமி” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “எங்களுக்கு இது அவவின்ரை வீடு ஐயா. ஞாத்துக்கிழமை தவறாமல் வந்தவ. கடைசியாய் ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போகட்டும்” என்றார்.

மச்சான், உங்கள் தங்கச்சி, என் குணலட்சுமி, மோசம் போன அன்று எங்கள் பிள்ளையார் கோயிலைச் சாத்தச் சொல்லி ஆள் அனுப்பினவன் நான்தான். அது எங்கள் முறை, முறையில் பிழை சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளிக்கு வெள்ளி மாலை கட்டிக்கொண்டு ஓடினவள், அந்தச் சாத்தின கதவைத் தாண்டிப் போனாள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பூசை நேரம் அந்த வேதக்காரக் கோயில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தபோதுதான் நினைத்தேன். கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். முன்பின் தெரியாத கிழவிக்கு இப்படி அழுகிறானே என்று சனம் பார்த்தது.

சேமக்காலைக்குப் பெண்களும் வந்தார்கள். எங்களில் அப்படி இல்லையென்றாலும் இந்தமுறை நான் ஒருவரையும் மறிக்கவில்லை. ஒவ்வொருத்தராய்க் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அடைக்கலநாதன் என்னிடம் வந்து, “நீங்களும் போடுங்கோ. அம்மா உங்களைப் பாக்கவேணும் எண்டு கேட்டுக்கொண்டிருந்தவ” என்றார். போட்டேன். திரும்பி அவர்கள் வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட இருக்க, நான் தோயாமல் வாயில் வைக்கமாட்டேன் என்று சொல்ல, அந்த மனுசன், தாயை அடக்கிய கையோடு, எனக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வார்த்தார். கட்டத் தன் சாரமும் தந்தார். “கோயில் கெட்டுப்போகாமல் காப்பாத்தினனீங்கள். உங்களிலை என்னெண்டு கோவிக்கிறது?” என்று கேட்டு, அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. முன்னே சொன்னதுபோல முடிவு முழுக்க உங்கள் கையில்தான். ஆற அமர யோசித்துப் பதில் போடுங்கள். மச்சாளுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் நோ குறைய அம்பாள் துணை.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
மார்க்கண்டு

பி.கு: கடிதத்தை நிவேதனா வாசித்துவிட்டாள். “அப்பா, கிணத்தடியிலை நீங்கள் கேட்டதை ஏன் எழுதேல்லை?” என்கிறாள். சரி, எழுதுகிறேன். தலையில் நாலாவது வாளி விழுந்தபோது, “உங்கடை பொடியனை என்ரை பிள்ளைக்குத் தாங்கோ” என்று நானே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் மச்சான். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிய ஆவணியில் கலியாணம். தாலி எங்கே கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை, அதற்குச் சண்டைபிடிக்க எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் வேணும். ஆகவே, சம்மதம் கேட்டு எழுதிய இந்தக் கடிதத்தை அழைப்பாக எடுத்து, தயவுசெய்து முதலிலிருந்து திரும்ப வாசிக்கவும்.